அரக்குச் சேலையில் ஒரு தையல்

நான் சேலை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பீரோவில் இருப்பதைத்தான் மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். கரை நைந்தால் ஃபால்ஸ் மாற்றித் தைக்கிறேன். கிழிந்தால் இழை ஓட்டுகிறேன். ஆபீஸில் இதைப் பார்த்துவிட்டு ஒருத்தி, "உங்க சிம்பிளிசிட்டி யாருக்கு வரும் மேடம்!" என்றாள். புதிதாகச் சேர்ந்த இன்னொருத்தி, துணிக்குப்பையைக் குறைத்தால் பூமிக்கு நல்லது என்று எங்கேயோ படித்ததைச் சொல்லி, எல்லாருக்கும் என்னை உதாரணமாகக் காட்டினாள். நான் டிபன் டப்பாவைத் திறந்தேன். எளிமையாவது மண்ணாங்கட்டியாவது. பூமியைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. என் அண்ணிக்கு நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை நினைத்தால் துணிக்கடை வாசலை மிதிக்க எனக்குக் கால் வராது. அவ்வளவுதான் விஷயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயதுப் பெண், அப்புறம் நான். அப்பா அம்மா போன பிறகு அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தார். டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பாரிமுனைப் பக்கம் ஓர் ஆபீஸிலிருந்து இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. கடிதம் வந்த சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. கட்டிக்கொண்டு போக எனக்குச் சேலை இல்லை. தாவணிகள் இருந்தன. இரண்டு நைலக்ஸ் சேலை இருந்தது, அதில் ஒன்றில் ஸ்டவ் பொறி பட்டு ஓட்டை.

அண்ணி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்தார். காஞ்சிபுரம் பருத்தி. மாம்பழ மஞ்சளில் கரை. தலைப்பிரசவத்துக்குப் போனபோது அவர் அம்மா வீட்டில் எடுத்துக் கொடுத்தது. கல்யாணப் பட்டை விட்டால், வெளியே நாலு பேர் பார்க்கக் கட்டிக்கொண்டு போக அண்ணிக்கு அந்த ஒரு சேலைதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டேன். அண்ணி சோறு வடித்த கஞ்சியில் அதை முக்கி, நீவிக் காயப்போட்டு, ராத்திரி பாய்க்கு அடியில் மடித்து வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டார். காலையில் இஸ்திரி போட்டது மாதிரி நின்றது.

இண்டர்வியூ நன்றாகத்தான் நடந்தது. திரும்பி வரும்போது தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில், கதவோரம் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ கம்பியில் சேலை மாட்டியது. பின்னால் இருந்தவர்கள் தள்ள, 'சரக்'கென்று ஒரு சத்தம். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரல் நீளம் கிழிந்திருந்தது. கையால் பொத்திக்கொண்டு வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "என்னாச்சு? வேலை இல்லைன்னுட்டாங்களா?" என்றார்.

"வேலை கிடைச்சிரும் போல இருக்கு அண்ணி. சேலை கிழிஞ்சிருச்சு."

"அடச்சே, இதுக்கா இந்த அழுகை! நான் வேற பயந்தே போயிட்டேன். உள்ள வா மொதல்ல."

அன்று சாயங்காலம் அண்ணி தைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சேலையின் உள்முனையிலிருந்து, இடுப்பில் செருகி மறைந்துபோகிற பக்கத்திலிருந்து, இழைகளை ஒவ்வொன்றாக உருவினார். அந்த இழையையே ஊசியில் கோத்து, கிழிசலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். வேறு நூல் போட்டால் காட்டிக்கொடுத்துவிடுமாம். முடித்த பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் ஒரு நெல் நீளத்துக்கு மேடு தட்டுப்படும். அண்ணன் மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் அந்தச் சேலையைக் கட்டினால் ஓடிவந்து, "அத்தை கிழிச்ச எடம் எங்க?" என்று தடவித் தேடுவாள்.

வேலை கிடைத்தது. "ராசியான சேலை. வேலைக்குச் சேர்ற மொத நாளும் இதையே கட்டிக்கிட்டுப் போ. அப்புறமாக் குடு, அவசரமில்ல" என்றார் அண்ணி.

அந்த அப்புறம் வரவே இல்லை. முதல் நாள் கட்டினேன். பிறகு வாரம் ஒரு முறை கட்டினேன். அண்ணி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. சம்பளம் வந்ததும் சேலை வாங்க ஆரம்பித்தேன். முதல் சம்பளத்தில் அண்ணிக்கு வீட்டில் கட்ட ஒரு நூல் சேலை எடுத்தேன், பொய் சொல்லக் கூடாது. அதன் பிறகு எடுத்ததெல்லாம் எனக்குத்தான்.

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டியில் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் தினமும் அதே முகங்கள். ஏறி உட்கார்ந்ததும் யார் என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. ஒருநாள் என் ஆபீஸ்காரி ஒருத்தி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவ அரக்குச் சேலையில வந்தா செவ்வாய்க்கிழமை. காலண்டரே பாக்க வேணாம்" என்றாள். கம்பார்ட்மெண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மூஞ்சி எரிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அந்தச் சேலையை மடித்து அடியில் வைத்தவள்தான், மறுபடி எடுக்கவே இல்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. மாதக் காலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும், அன்றைக்கு எந்தச் சேலை கட்டினேன் என்று பென்சிலால் ஓர் எழுத்து குறித்து வைப்பேன். 'ம' என்றால் மஞ்சள், 'கி' என்றால் கிளிப்பச்சை. ஒரு மாதத்துக்குள் ஒரே எழுத்து இரண்டு முறை வரக்கூடாது. கல்யாணமாகிப் பெருங்களத்தூருக்கு வந்த பிறகும் இது நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, பால் கணக்கா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கான எழுத்துகள் இரண்டு மாதத்துக்கு, மூன்று மாதத்துக்கு என்று வளர்ந்தன. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, ஆபீஸ் வாசலில் சேலை மூட்டை பிரிக்கிறவர் என்று எங்கே பார்த்தாலும் கை நீளும். இரும்பு பீரோவின் கதவை முழங்காலால் முட்டுக்கொடுத்துத்தான் சாத்த வேண்டும். அடித்தட்டில், எல்லாவற்றுக்கும் கீழே, அண்ணியின் அரக்குச் சேலை கிடந்தது.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் அண்ணன் பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் ஒரு மனை வாங்கி, சிறுகச் சிறுக வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு சமையலறை. வெளிப்பூச்சு ஆகவில்லை. ஆனாலும் பால் காய்ச்சி விடலாம் என்று நாள் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் பால் பொங்குகிற பாத்திரத்தை அந்த வீட்டு ஆணின் கூடப் பிறந்தவள்தான் கொண்டுவர வேண்டும். அவள் கையால்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அண்ணனுக்கு நான் ஒருத்திதான் தங்கை. அண்ணி நேரில் வந்து, "பெருசா எதுவும் வேணாம். நீ ஒரு பாத்திரம் மட்டும் கொண்டா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த விசேஷத்துக்கு நான் முதலில் வாங்கியது பாத்திரம் இல்லை. எனக்கு ஒரு பட்டுச் சேலை. மயில் கழுத்து நிறம். கொண்டுவந்து பீரோவில் வைக்கப் போனால் இடம் இல்லை. எதையாவது கழித்தால்தான் உண்டு. நான் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் பாத்திரக்காரம்மாவின் குரல் கேட்டது. "பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரமே!" எங்கள் தெருவில் மாதம் ஒரு முறை வரும் அம்மாள்தான். தலையில் கூடை, அதில் பளபளவென்று பாத்திரம். தோளில் மூட்டை, அதில் வாங்கின துணி. எனக்கு மூளை வேலை செய்தது. பீரோவும் காலியாகும், பாத்திரமும் வரும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அவரை வாசலில் உட்கார வைத்தேன்.

நல்ல கனமான பால் பாத்திரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் நான் போட்ட துணிகளை ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, நைலக்ஸா கொட்றே? இதெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆவாது. இது பாரு, கீஞ்சி கீது. இவ்ளோ கனமான ஏனத்துக்கு இது எப்டிம்மா கட்டுப்படியாவும்? காட்டன் ஏதுனா போடு."

இன்னும் இரண்டு போட்டேன். தலையை ஆட்டினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு போடு, எட்த்துக்கோ."

உள்ளே போய் அடித்தட்டில் கையை விட்டேன். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். கையில் எடுத்தபோதே தெரிந்தது. மடிப்பில் அந்த நெல் நீள மேடு என் விரலில் பட்டது. ஒரு நொடி நின்றேன். 'யார் இதைக் கட்டப்போகிறார்கள்? அண்ணியும் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. அதோடு, இந்தப் பாத்திரம் அண்ணிக்குத்தானே போகப்போகிறது?' இப்படி ஒரு சமாதானம் சட்டென்று கிடைத்தது. கெட்ட காரியம் செய்யும்போது மட்டும் எனக்கு எவ்வளவு வேகமாகக் காரணம் கிடைக்கிறது பாருங்கள்.

அந்த அம்மாள் சேலையை உதறவில்லை. மடியில் வைத்துத் தடவினார். "நல்ல காட்டன்மா இது. உடம்புக்கு எதமாக் கீது. இத்தப் போயி இன்னாத்துக்குக் குடுக்கறே?"

"பழசு. எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

மூட்டைக்குள் அரக்கு நிறம் போய் மறைந்தது. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய்ப் பெயர் வெட்டக் கொடுத்தேன். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும், மேலே 'அன்புடன்' என்றும். அந்த மெஷின் க்ர்ர் க்ர்ர் என்று எழுதி முடித்ததும் ஊதித் துடைத்துக் கொடுத்தார்கள். கடையில் வாங்கியதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பால் காய்ச்சுகிற அன்று மயில் கழுத்துப் பட்டு எல்லார் கண்ணையும் பறித்தது. அண்ணி கட்டியிருந்தது அதே கல்யாணப் பட்டு. நான் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் பாத்திரத்தைக் காட்டி, "என் நாத்தனார் போட்டது. பேரெல்லாம் வெட்டிக் கொண்டாந்திருக்கா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கொடுத்த லட்டைத் தின்னாமல் வைத்தேன். வெயில் என்று சொல்லிச் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் அந்தப் பாத்திரம்தான் அடுப்பில் இருக்கும். அதிலிருந்து ஊற்றித்தான் எனக்குக் காபி வரும்.

நான்கைந்து வருஷம் போயிற்று. அண்ணன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அண்ணன் மகள் பி.காம். முடித்திருந்தாள். கெட்டிக்காரப் பெண், ஆனால் நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு இண்டர்வியூவில் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டாள். மூன்றாவதாக அண்ணா சாலைப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டு நிலைமைக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி பீர்க்கன்கரணையிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அந்த அரக்குச் சேலை உன்கிட்டதானே இருக்கு? புள்ள அதைக் கட்டிக்கிட்டுப் போறேங்கறா. சின்னதுல இருந்து அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளத்துட்டேனா, அத்தைக்கு வேலை வாங்கிக் குடுத்த சேலைன்னு மனசுல ஊறிப்போச்சு. அதைக் கட்டினா கை நடுங்காதாம். சும்மா ஒரு நம்பிக்கைதான். என்ன சொல்ற?"

"லாண்டரிக்குப் போட்டிருக்கேன் அண்ணி. வந்ததும் நானே கொண்டாறேன்" என்றது என் வாய். பல வருஷமாக வெளியே எடுக்காத சேலை லாண்டரிக்கு எப்படிப் போகும் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அண்ணி கேட்கவில்லை. "வியாழக்கிழமை இண்டர்வியூ. அதுக்குள்ள வந்துருமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்ல அந்த நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. அன்று மத்தியானமே கடைகடையாக ஏறி இறங்கினேன். தாம்பரத்தில் கிடைக்காமல், வண்டி பிடித்து மாம்பலம் போய், கடைசியில் அதே அரக்கு, அதே மஞ்சள் கரை, ஒரு காஞ்சிபுரம் பருத்தி கிடைத்தது. ஆனால் புதுசு. பழசாக்க வேண்டுமே! கல்லுப்பு போட்டு ஊறவைத்தேன். துவைக்கிற கல்லில் அடித்தேன். மாடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் மறுபடி ஊறவைத்தேன். திங்கட்கிழமை லீவு போட்டேன். ஆறேழு முறை அடித்திருப்பேன், விரலெல்லாம் தோல் உரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "புதுச் சேலை வாங்கிப் பழசாக்குற மொத ஆளு இந்த ஊர்ல நீதான். நாளைக்குப் புது வீடு கட்டி இடிப்பியா?" என்றார். "வாயை மூடிக்கிட்டுப் போங்க" என்று எரிந்து விழுந்தேன். அவரிடம் கூட விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கஞ்சி போட்டு மடித்த சேலையை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன். அண்ணன் மகள் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போயிருந்தாள், அண்ணனும் வீட்டில் இல்லை. சமையலறையில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாத்திரத்தில்தான்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகச் சேலையை வாங்கினார். பிரித்தார். தலைப்பைப் பார்க்கவில்லை, கரையைப் பார்க்கவில்லை. நேராகக் கொசுவம் வருகிற பக்கத்துக்குப் போய் விரலால் தடவினார். ஒரு முறை தடவினார். திரும்ப மேலிருந்து தடவினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பு போட்டேன், கல்லில் அடித்தேன், வெயிலில் போட்டேன். தையலை மறந்துவிட்டேன். அவர் கையால் போட்ட தையலை, என்னால் விழுந்த கிழிசலை, நான் மறந்தே போயிருந்தேன்.

"இது அது இல்லையே" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அதைப் பாத்திரக்காரம்மாகிட்டப் போட்டுட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உனக்கு வேணாம்னா என்கிட்டயே குடுத்திருக்கலாமே. நான் கட்டியிருப்பேனே" என்றார். குரலில் கோபமே இல்லை. "கல்யாணப் பட்டை விட்டா கட்ட ஒண்ணுமில்லாம எத்தனையோ விசேஷத்துக்குப் போகாம இருந்திருக்கேன். கேட்டா நீ என்ன நினைப்பியோன்னு கேக்கல."

என் பீரோ கண்முன்னால் வந்தது. முழங்காலால் முட்டுக்கொடுத்துச் சாத்துகிற கதவு. காலண்டரில் ஒரே எழுத்து திரும்ப வரக்கூடாது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், இங்கே ஒருவர் கட்டச் சேலை இல்லாமல் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறார். அதுவும் தன் சேலை என்னிடம் கிடக்கும்போது.

"சரி விடு. என்ன பாத்திரம் குடுத்தா?" என்று கேட்டார். சும்மா, பேச்சை மாற்றத்தான் கேட்டார்.

என் கண் அடுப்புப் பக்கம் போய்விட்டது. போயிருக்க வேண்டாம். அண்ணியும் அங்கே பார்த்தார். பால் பொங்கி வருகிற நேரம். எழுந்து போய் அடுப்பைச் சின்னதாக்கினார். பாத்திரத்தின் விளிம்பில் இருந்த எழுத்தைத் தினமும் பார்க்கிறவர், அன்றைக்குக் குனிந்து ஒரு முறை படித்தார்.

"அப்போ எனக்கு நானே பால் பாத்திரம் வாங்கிக்கிட்டேனா?" என்றார்.

சிரித்தது மாதிரிதான் இருந்தது. ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "என் சேலை எது வேணும்னாலும் எடுத்துக்கங்க அண்ணி, எல்லாத்தையும் எடுத்துக்கங்க" என்று என்னென்னவோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எனக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மகள் வர இன்னும் நேரம் இருந்தது. உள்ளே போய் ஊசியும் கத்தரிக்கோலும் எடுத்து வந்தார்.

"அவளுக்குத் தெரியக்கூடாது. அது இல்லைன்னு தெரிஞ்சா மனசு விட்டுருவா. வந்ததும் மொதல்ல அந்தத் தையலைத்தான் தேடுவா" என்றவர், கொசுவப் பக்கத்தை என் முன்னால் விரித்துப் பிடித்தார். கத்தரிக்கோலை என் கையில் வைத்தார்.

"நீயே கிழி. அன்னைக்கும் நீதானே கிழிச்ச."

ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தேன். அண்ணி உள்முனையிலிருந்து இழையை உருவி, ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தைக்க முடிந்தது. முடித்ததும் என் விரலைப் பிடித்துத் தையல்மேல் வைத்து, "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் மகள் வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "அத்தை, கொண்டாந்தீங்களா?" என்று சேலையைப் பிரித்துத் தடவித் தேடினாள். கண்டுபிடித்ததும், "ஹை, அத்தை கிழிச்ச எடம்!" என்று மூன்று வயதில் சொன்ன மாதிரியே சொன்னாள். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு போனாள். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். மேஜைக்கு அடியில் ஒரு கை கடைசி வரைக்கும் தையலைத் தடவிக்கொண்டே இருந்ததாம். அடுத்த வாரமே வேலை உறுதியாகிவிட்டது.

கடிதம் வந்த அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு ஸ்வீட்டோடு வந்தாள். கையில் ஒரு மஞ்சப்பை. அதில் அரக்குச் சேலை, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு இருந்தது.

"நீயே வச்சுக்கோம்மா" என்றேன்.

"ஐயோ வேணாம் அத்தை. இது உங்களோடது இல்ல? அம்மா கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க. அடுத்தவங்க சேலையை வேலை முடிஞ்சதும் உடனே திருப்பிக் குடுத்துரணுமாம். பீரோவுல வச்சுட்டா அப்புறம் குடுக்க மனசு வராதாம்."

ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் அதையேதான் கட்டினேன்.